சாதிக் பாய் எழுதிய மாவு மில்

காய்கறிக் கடையில் நிற்கும்போது செய்தி வந்தது. "சார், நம்ம சாதிக் பாய் மவுத்தாயிட்டாராம். இரங்கல் கூட்டம் வெக்கிறோம், நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் எங்களிடம் கணினி படித்த முருகன். பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் பாதியில் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவீர்கள்.

எண்பதுகளின் கடைசியில், செஞ்சி கடைத்தெருவில் தன் அப்பாவின் இரும்புக் கடை மாடியில் பாய் வகுப்பு தொடங்கினார். இடமும் கணினியும் அவருடையவை. பாடம் என்னுடையது. நான் ரேடியோ பழுது பார்த்தவன். புத்தகத்தை வைத்து நானே கற்றவன். அதைச் சொல்லிக் காட்டாமல் அவருக்குப் பொழுது போகாது. "அண்ணனுக்கு எல்லாம் தெரியும், சர்டிபிகேட்தான் இன்னும் பிரிண்ட் ஆவல" என்று மாணவர்கள் முன்னால் சிரிப்பார்.

பொருள்களாகப் பிரித்துப் புரோகிராம் எழுதும் முறை அப்போதுதான் எங்கள் கைக்கு வந்திருந்தது. மெத்தட் என்றதும் எல்லோரும் விழித்தார்கள். மாவு மில்லை வைத்து விளக்கினேன். மில் ஒரு பொருள். அரைப்பது அதன் மெத்தட். அந்த மில் இருக்கும் நிலையைப் பொறுத்தே அந்த வேலை நடக்கும். மிளகாய் அரைத்த கையோடு கோதுமையைக் கொட்டினால் மாவு உறைக்கும். அதனால்தான் நம்மூரில் அடுத்து வருபவரிடம் ஒரு கைப்பிடி அரிசி கேட்டு முதலில் ஓட்டிவிடுகிறார்கள். ஆகவே, கடைசியாக எதை அரைத்தோம் என்பதை ஒவ்வொரு மில்லும் தனக்குள் வைத்திருக்க வேண்டும்.

பெற்றோருக்குச் செய்து காட்டும் நாள் வந்தது. பாடம் சொல்ல நான் தகுந்தவனா என்று ஊர் முடிவு செய்யும் நாள் அது. புரோகிராமைத் தானே எழுதுவேன் என்று பாய் பிடிவாதம் பிடித்தார். அந்தப் புரோகிராமில் அவலூர்பேட்டையில் ஒன்று, வல்லத்தில் ஒன்று என இரண்டு மில்கள். கடைசியாக அரைத்ததை மட்டும் வெளியே, இரண்டுக்கும் பொதுவாக வைத்தார்.

"பாய், தப்பு. அவலூர்பேட்டையில மிளகா அரைச்சா வல்லத்துல மாவு காரமாயிடும்" என்றேன்.

"நீங்க ரேடியோவைப் பாருங்கண்ணே" என்றார்.

அப்படியே ஆனது. அவலூர்பேட்டையில் மிளகாய் அரைத்துவிட்டு வல்லத்துக்குக் கோதுமை கொடுத்தார். மாவு காரம் என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது.

"இன்னா பாய், மிளகா பஸ் ஏறி வந்துச்சா?" என்றார் முன்வரிசையில் ஒருவர். அறையே சிரித்தது. பாய் என் பக்கம் கையை நீட்டினார். "அண்ணன் எழுதினது. சொந்தமா படிச்சவரு, இல்ல?"

வேறு வாத்தியார் வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். பாய் வேறொருவரை வைத்துக்கொண்டார். நான் படியிறங்கினேன். பிறகு கடைத்தெருவில் எத்தனையோ முறை எதிரே வந்தார். "நல்லாக்கீறீங்களாண்ணே" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. நல்ல மனிதர் என்று நீங்கள் தீர்மானம் போடுவீர்கள். போடுங்கள். என் கையெழுத்து அதில் இருக்காது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். நான் அங்கே பாடம் சொன்ன நாளில், மெத்தட் எதற்கு, உள்ளே இருப்பதை நாமே மாற்றினால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். "மில்லுக்குள்ள கை வுடாதம்மா. இன்னா வேணும்னு சொல்லு, அது பாத்துக்கும்" என்றார் பாய். அவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்ததில்லை. இன்றும் கற்க வருகிறவர்களுக்கு அதையே சொல்கிறேன். சாதிக் பாய் சொன்னது என்றும் சேர்த்தே சொல்கிறேன். தன் பிழைக்கு என் பெயரை வைத்தவர் அவர். அவருடைய சொல்லுக்கு நான் என் பெயரை வைக்க மாட்டேன்.