பேய் வரும் நேரத்தில் கவுன்ட்டரில் ஆள் வேண்டும்

லாட்ஜ் ரிசப்ஷன் வேலை, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் பன்னிரண்டு அறை லாட்ஜில் ஏழு வருடமாக அப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பேய்ப்படம் என்றால் எனக்கு உயிர். டிரெய்லர் வரும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, சரியாக அந்த நேரத்தில் வேலையில் மாட்டிக்கொள்கிற என் இனத்தவரே, இது உங்களுக்குத்தான்.

என் வீட்டுக்காரர் செந்திலுக்குச் சென்னையில் வேலை. ஞாயிறு மட்டும் வருவார். அவரும் பேய்ப்படப் பைத்தியம். டீசர், போஸ்டரெல்லாம் எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் டிரெய்லரை முதல் தடவை தனியாகப் பார்க்கக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். ஃபோனில் பேசிக்கொண்டே அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் நான் கவுன்ட்டர் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் போடுவோம். வாரத்தில் ஆறு நாள் பிரிந்திருக்கும் எங்களுக்கு, சேர்ந்து சினிமாவுக்குப் போவது என்றால் அதுதான்.

பௌர்ணமி, மாலை ஐந்து மணி

பௌர்ணமி அன்று மாலையில் டிரெய்லர் விடுகிற தயாரிப்பாளர் திருவண்ணாமலைப் பக்கமே வந்திருக்கமாட்டார் என்று அடித்துச் சொல்வேன். அன்று அறைகள் எல்லாம் நிரம்பி, காலி இல்லை என்று வாசலில் போர்டும் மாட்டியாகிவிட்டது. செந்தில் லைனில் இருந்தார். போடப்போகிற நொடியில் வேலூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு உள்ளே வந்தார். போர்டைக் காட்டினேன். அவர் நகரவில்லை.

“போர்ட பாத்தேம்மா. ரூம் யாரு கேட்டா? ஒரே ஒரு பாத்ரூம் குடுங்க, ஒம்போது பேரும் குளிச்சிட்டு கிரிவலம் கெளம்பிடறோம்.”

மௌனம்

ஆறாம் நம்பர் அறையில் ஒரு பெரியவர் பத்து நாள் மௌனத்தில் இருந்தார். எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதித்தான் கேட்பார். ஒரு மத்தியானம் டீசர் ஒன்றைப் போட்டேன். ஹெட்போன் சரியாகச் சொருகவில்லை போலிருக்கிறது, அதில் ஒரு பெண் போட்ட அலறல் மாடிவரை கேட்டுவிட்டது. பெரியவர் படியிறங்கி வந்தார். விஷயம் முதலாளி காதுக்குப் போனால் வேலை போச்சு என்று டீசரை அவசரமாக நிறுத்தினேன். அவர் நிதானமாக எழுதிச் சீட்டை நீட்டினார்.

“முதலில் இருந்து போடவும். சத்தத்தைக் குறைக்க வேண்டாம்.”

மாடித் தொட்டி

அறைகளைச் சுத்தம் செய்யும் செல்வி அக்காவுக்குப் பேய்ப்படமே ஆகாது. ஆனால் நான் இரண்டாம் தடவை பார்க்கும்போது என் பின்னால் நின்று முழுசாகப் பார்ப்பார். ஒரு டிரெய்லரில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. அன்றிலிருந்து அக்கா எங்கள் மாடிப்பக்கம் போக மறுத்துவிட்டதால் நானே துடைப்பத்தோடு ஏறுகிறேன். பேயெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டேன்.

“இல்லனு எனக்கும் தெரியும். ஒருவேள இருந்துட்டா, அது பண்ற அசிங்கத்த யாரு கழுவறது? நான்தான?”

மூன்றாம் நம்பர் சாவி

இது போன மாதம். கல்யாணமான புதிதில் நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம். ஆறு மணிக்கு டிரெய்லர். காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு மூன்றாம் நம்பர் அறைக்காரர்கள் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். குழந்தையின் மருந்தும் உள்ளே. மாற்றுச் சாவி இருப்பதோ ஊரின் அந்தக் கோடியில், வேங்கிக்காலில், முதலாளி வீட்டில். செந்திலிடம், “இதோ வரேன், பாத்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். சாவியைக் கொண்டுவந்து, கதவைத் திறந்துவிட்டு, அவர்களுக்கு வெந்நீரும் கொடுத்து நான் நாற்காலியில் உட்கார்ந்தபோது ஏழரை. வாட்ஸ்அப் முழுக்க ஸ்கிரீன்ஷாட். ஒன்றையும் திறக்கவில்லை.

செந்திலைக் கூப்பிட்டேன். சேர்ந்து போட்டோம். இருட்டான ஒரு வராந்தா, சத்தமே இல்லை. “இப்ப வரும் பாரு” என்றார் செந்தில்.

வந்தது. அவர் சொன்ன அதே நொடியில். நான் பயப்படவில்லை. நிறுத்திவிட்டேன். “நீங்க பாத்துட்டீங்களா?” என்று கேட்டேன்.

“ஆறு மணிக்கே பாத்துட்டேன் கலா. நீ எப்பவும் இதோ வரேன்னுதான் சொல்ற, நானும் எவ்ளோ நாளுதான் ஃபோன கையில வெச்சிட்டு உக்காந்திருக்கறது?”

பேய்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை, அவை சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகின்றன, வராதவள் நான்தான்.