பூஜையில் வைத்த சிப்பு

என் ஆய்வு நெறியாளரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அவரிடம்தான் இத்தனை வருடம் மாரடித்தேன். வேலை இதுதான்: நகத்தளவு கண்ணாடிச் சிப்பு, அதற்குள் தலைமுடியைப் போல் சன்னமான வாய்க்கால். அதில் ரத்தத்தை ஓடவிட்டுக் குறுக்கே லேசர் அடித்தால், வெளிச்சம் புற்றுநோய்ச் செல்லை மட்டும் பக்கத்து வாய்க்காலுக்குத் தள்ளிவிடும். ஆனால் ரத்தம் புதிதாக இருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினால் செல்கள் செத்துப்போகும்.

அன்று காலை ஆஸ்பத்திரியில் ரத்தம் தந்தவர் மண்டைக்காட்டுக்கார அக்கா ஒருவர். கீமோ ஏறி ஏறி அவர் கையில் நரம்பே அகப்படவில்லை. நர்ஸ் நாலு இடத்தில் குத்தித்தான் ஒரு ட்யூப் தேற்றினார்.

“ஒனக்க படிப்புக்காக இந்த ஒருக்கா தாறேன் மக்கா. இனி கேக்கப்பிடாது,” என்றார் அக்கா. கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பஸ் பிடித்து ஆய்வகத்துக்கு ஓடி வந்தால், மேசையில் சிப்பு இல்லை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் சிப்பும் லென்சும் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. எங்கள் பக்கம் அஷ்டமியன்று புத்தகமும் கருவியும் பூஜையில் வைத்தால், இரண்டு நாள் கழித்து விஜயதசமி காலையில்தான் எடுப்பு. வைப்பதே சாயங்காலம்தான். நெறியாளரோ ஊருக்குப் போகிற அவசரத்தில் மத்தியானமே வைத்துவிட்டார்.

“சார், ரத்தம் கையில இருக்கு. ஒரு மணிக்கூர் தாங்க, ஓட்டிட்டு திரும்ப வச்சிருதேன்.”

“பூஜைல வச்சத எடுக்கப்பிடாதுன்னு ஒனக்கு வீட்டுல சொல்லித் தரலியா?”

“நாலு குத்து குத்தி எடுத்தது சார்.”

“வேற ஆள்ட்ட எடு. ரத்தத்துக்கா பஞ்சம்?”

சொல்லும்போதே செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதுவும் ஆயுதம்தானே, அதை ஏன் படத்துக்கு முன்னால் வைக்கவில்லை என்று கேட்டேன். ஊருக்குத்தானே உபதேசம். முகம் கறுத்தது. என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைப் பூட்டிச் சாவியோடு காரில் ஏறினார். நாசமாய்ப் போவான் என்று வாய்விட்டே திட்டினேன்.

விஜயதசமி காலையில் அவர் ஊரிலிருந்து வந்த பிறகுதான் பூட்டு திறந்தது. காய்ந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு ரத்தத்தை ஓட்டினேன். வெளிச்சத்தில் தெரிந்ததெல்லாம் உடைந்த செல்களின் தூள்தான். அவர் சிரித்துக்கொண்டே பொரி நீட்டினார். நான் வாங்கவில்லை.

அடுத்த கீமோவுக்கு வந்தபோது அக்காவே கேட்டார்: “எனக்க ரத்தத்துல என்னத்த கண்ட மக்கா?”

நடந்ததை அப்படியே சொன்னேன். கொடுத்த வாக்கை மீறி இன்னொரு தடவை ரத்தம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

“ஒங்க பூசைக்கு எனக்க ரத்தந்தான் கெடச்சுதா?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.