துட்டி வீட்டுக் கஞ்சி

கஞ்சித்தெளியைப் போல ஒரு விளங்காத சாப்பாடு உலகத்தில் கிடையாது. சோறு வெந்த தண்ணீரில் உப்பைப் போட்டுவிட்டு, வயிறு கெட்ட பிள்ளைக்கு இதுதான் ஆகாரம் என்று நீட்டுவார்கள். இத்தனை வயதாகியும் அதைக் கண்டால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அப்புறம்தான்.

கருங்கல் பக்கம் எங்கள் வீடு. நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்க்காரர்களாக இருந்த காலம். அரிசி ரேஷனில் அளந்துதான் கிடைக்கும்; மற்றபடி காலையும் மாலையும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான். அந்த ஆடி மழையில் கிணறுகள் கலங்கி, ஊரெங்கும் வயிற்றுப்போக்கு. எனக்கு ஏழு வயது இருக்கும், தம்பிக்கு நாலு. இருவரும் ஒரே பாயில் வாடின கீரைத்தண்டு போலக் கிடந்தோம்.

வைத்தியர் வந்து பத்தியம் சொன்னார். முதலில் கஞ்சித்தெளி. வயிற்றுப்போக்கு நின்றால் கூவைக்கிழங்குப் பொடி காய்ச்சியது. அப்புறம் குழையக் குழையக் கஞ்சியும் சுட்ட பப்படமும். “மரச்சீனி கண்ணுல காட்டப்பிடாது, கேட்டியளா? மீன் மணம் கூட ஆவாது,” என்று அம்மையிடம் கண்டிப்பாகச் சொன்னார். அவர் வீட்டில் அன்று என்ன கறி என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது.

தம்பி என்னைவிடப் பிடிவாதக்காரன். ஊட்டுகிற தெளியை அம்மை முகத்திலேயே துப்புவான். அம்மை துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊட்டுவாள். “அக்கா, எழும்பினதும் மரச்சீனியும் சாளை மீன்கறியும் திம்பமா?” என்று என் காதில் கேட்பான். “உனக்க பங்கையும் நானே தின்னுவேன்,” என்று சீண்டுவேன். உடனே சிணுங்குவான். பிறகு, சிணுங்கவும் அவனிடம் சத்து இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் காலையில் கண் விழித்தால் பாயில் நான் மட்டும் கிடந்தேன். தம்பி எங்கே என்று கேட்டேன்.

“மாமா கூடப் பேச்சிப்பாறைக்குப் போயிருக்கான் மக்ளே,” என்றாள் அம்மை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மாமாவுக்கு அங்கே அணைக்கட்டில் வேலை. அணை காட்டக் கூட்டிப்போகிறேன் என்று எனக்குத்தான் முதலில் வாக்குக் கொடுத்திருந்தார். நேற்றுவரை தலை தூக்க மாட்டாமல் கிடந்த பயல், இன்றைக்கு அங்கே பொரித்த மீன் தின்றுகொண்டிருக்கிறான்! அவனுக்கு மட்டும் பத்தியம் கிடையாதோ? சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.

அடுக்களையில் அத்தையின் குரல் கேட்டது. அப்பாவின் அக்கா. வழக்கம் கொஞ்சம் பிசகினாலும் தாங்கமாட்டாள்.

“ஏட்டி, என்ன செய்யிய? இண்ணைக்கு அடுப்பு பத்த வைக்கப்பிடாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“பின்ன யாரு கொண்டு தருவா மைனி? நம்ம முற்றத்த மிதிக்கவே பயந்து கிடக்காவ,” என்றாள் அம்மை.

“ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு கஞ்சி கொண்டு வரட்டும். நான் அடுப்ப அணைக்கேன்.”

அம்மை அத்தையை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

துட்டி வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாவு நடந்த வீட்டாருக்கு அயல்வீட்டுக்காரர்கள்தான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவர வேண்டும். நோய்க்குப் பயந்து எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. தம்பியை விடியும் முன்பே தோப்பு மூலையில் அடக்கம் செய்திருந்தார்கள். எழும்பாத பிள்ளையிடம் சொன்னால் அதுவும் மனசு விட்டுவிடும் என்று என்னிடம் மறைத்துவிட்டார்கள். இதெல்லாம் பின்னால் அறிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அடுக்களையிலிருந்து புகை வந்தது, அதன் பின்னாலேயே கஞ்சித்தெளியும் வந்தது.

“எனக்கு வேண்டாம். தம்பி அங்க மீன் திங்குவான், நான் மட்டும் இந்த வெள்ளத்தக் குடிக்கணுமா?”

“ரெண்டு வாய் குடி மக்ளே.”

கையால் தட்டிவிட்டேன். பாதி பாயில் கொட்டியது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால், அம்மை கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்க பொன்னு மோளில்லியா... குடிச்சிரு.”

அதுவரை என்னை யாரும் கும்பிட்டதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மை தோற்றாள், நான் ஜெயித்தேன். சரி, பாவம், போகட்டும் என்று மீதியைக் குடித்தேன். வயிறு அதை ஏற்றுக்கொண்டது.

ஜெயித்த தைரியத்தில் கேட்டேன்: “தம்பி வந்த பொறவு அவனையும் இப்படிக் கும்பிடுவியா?”

அம்மை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மாட்டாள், என்னைத்தான் கும்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் அத்தை சொன்னாள். அந்தக் காலைக்கு முந்தின நாள் முழுக்க, நான் மயக்கத்தில் கிடக்க, அம்மை அதே கிண்ணத்தோடு தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவனைக் கும்பிட்டுக்கொண்டேதான் இருந்தாளாம்.