செவ்வந்திக் குழுவில் அசனாவின் மகள்

அசனா என் தம்பி கலீலுர் றஹ்மானின் மனைவி. கிண்ணியாவில் எங்கள் வளவிலேயே அவர்களுக்கும் வீடு. தம்பி கடலுக்குப் போகிறவன். வீட்டுப் பாடெல்லாம் அவள் தலையில்தான். சரியான வாய்க்காரி. மீன்காரன் நிறுவையில் கை வைத்தால் நடுத்தெருவில் வைத்து மானத்தை வாங்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் வாயே திறக்கமாட்டாள். அது மகள் றுஷ்தாவின் காது.

பிள்ளைக்கு மூன்று வயதில் இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. பிறகு காது கேட்பது நன்றாகக் குறைந்துவிட்டது. திருகோணமலை ஆஸ்பத்திரியில், காதுக்கு மெஷின் வைக்க வேண்டும், திரும்ப வாருங்கள் என்றார்கள். அசனா போகவேயில்லை. கிளினிக் வாங்குப் பலகையில் நம்மூர்ப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்களாம்! அசனாவின் தங்கைக்கு வலிப்பு என்று யாரோ கட்டிவிட்ட கதையால் நிச்சயித்த கலியாணம் நின்றுபோய், அந்தப் பெண் இன்னும் வீட்டோடு இருக்கிறாள். அந்தப் பயம் இவளை விடவில்லை.

"பொம்புளப் புள்ள மதினி. செவிடு எண்டு பேர் வந்தா நாளைக்கு ஆர் கேட்டு வருவான்?" என்று, ஒருவரிடமும் சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். பால்குடி மறந்த பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடுகிற கூத்தைப் பாருங்கள்! எத்தனை தரம் ஏசியிருப்பேன், கேட்டால்தானே. காது கேட்காததை ஆருக்கும் காட்டிக்கொள்ளாதே என்று பிள்ளையையும் பழக்கி வைத்திருந்தாள்.

நாலாம் ஆண்டில், புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதென்று பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முன்னால் மல்லிகை, நடுவில் தாமரை, கடைசியில் செவ்வந்தி. பூவின் பேர் வைத்தால் பிள்ளைகளுக்கு விளங்காதாம்! தெருப் பொடிசுகள்கூட "மக்குச் செவ்வந்தி" என்றுதான் கத்தின. றுஷ்தாவைச் செவ்வந்தியில் போட்டார்கள். அதுவரை முன்வாங்கில் இருந்து, டீச்சரின் வாயைப் பார்த்தே படித்தவள் அவள். இந்த வருஷம் டீச்சர் வகுப்புக்குள் நடந்துகொண்டு கேள்வி சொல்ல, எல்லாம் பிழையாய்ப் போனது.

இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பிள்ளை அழுதது. அசனா அபாயாவை மாட்டிக்கொண்டு அவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். சண்டை பிடித்துவிடுவாளோ என்று நானும் பின்னால் போனேன்.

றுக்கியா டீச்சர் நல்ல மனுஷி. வகுப்பிலேயே எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டாள்.

"என்ட புள்ள மக்கில்ல டீச்சர். முன்னுக்குப் போடுங்க."

"எனக்கும் அதுதான் யோசின. கணக்க எழுதிக் குடுத்தாச் செய்றா. வாயால சொன்னா முழிக்கிறா. புள்ளைக்குக் காது கேக்குமா? கேக்காட்டிச் சொல்லுங்க, இண்டைக்கே எனக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்துக்கிறன்."

இதைவிட என்ன வேண்டும்! சொல்லிவிடு என்று நான் அசனாவின் தொடையில் கிள்ளினேன். பக்கத்து மேசையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த டீச்சர் எங்கள் தெருக்காரி. அசனா அவளை ஒருதரம் பார்த்தாள்.

"நல்லாக் கேக்குமே," என்றாள்.

றுக்கியா டீச்சருக்கு நம்பிக்கை வரவில்லை. எங்களைப் பார்த்து நின்ற பிள்ளைக்குப் பின்னால் போய், மெதுவாக "றுஷ்தா" என்று கூப்பிட்டாள்.

அசனாவின் கண் தன்னையறியாமல் டீச்சரின் வாய்க்குப் போனது. பிள்ளை உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த நொடி பட்டென்று திரும்பி, "ஓம் டீச்சர்" என்றது.

யா அல்லாஹ்!

"அப்ப காதுல பிழையில்ல," என்று டீச்சர் பெருமூச்சு விட்டாள். "புள்ள கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். செவ்வந்தியிலேயே இருக்கட்டும். கவலப்படாதீங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். அசனா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

றுஷ்தா கடைசி வாங்குக்கு ஓடிப்போய் இருந்துகொண்டு, உம்மா சொன்னபடி சரியாகச் செய்துவிட்டேனா என்று கண்ணால் கேட்டாள். அசனா சிரித்துத் தலையாட்டினாள். பள்ளிக்கூடக் கேற்றடிக்கு வந்த பிறகுதான் மண்ணில் குந்தி, வாய்விட்டு அழுதாள்.