காலண்டர் தாளில் ஒளித்த காதல்

முட்டாள்தனத்தில் எனக்குப் போட்டியே கிடையாது. ஊரறிய ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் செய்ததாகப் பூரித்துப்போவேன்.

குமாரபாளையத்தில் நூலுக்குக் கஞ்சி போடும் மில்லில் எனக்குக் கணக்கு வேலை. கஞ்சி கொஞ்சம் மண்டைக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் பகுதி நூலகத்தின் வாசகர் வட்டத்துக்குத் தலைவரானதும் விறைத்துக்கொண்டேன். வாசலைப் பார்த்த முதல் அலமாரி முழுக்கக் காதல் நாவல்கள். பணக்கார நாயகன், முறைக்கும் நாயகி, நடுவில் ஒரு கட்டாயக் கல்யாணம். "இதெல்லாம் இலக்கியமா? பின்னால ஸ்டோர் ரூமுக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துல தீர்மானம் போட்டுரலாம்" என்று நூலகரிடம் அறிவித்தேன்.

நூலகர் அதிகம் பேசாத அம்மா. தேதி முத்திரையைக் கீழே வைத்தார்.

"அந்த அலமாரி உள்ள போச்சுன்னா தறிப் பட்டறைப் பொண்ணுங்க வர்றது நின்னுருமுங்க. அப்புறம் நீங்களும் நானும் மின்விசிறியும்தான். ஒண்ணையாச்சும் படிச்சுட்டு வந்து தீர்மானம் போடுங்க சார்."

எதிரியின் பலத்தை அறிய வேண்டுமே என்று ஒரு நாவலின் முதல் பாகத்தை எடுத்தேன். அட்டையில் ஒருத்தி ரோஜாவை முகர்ந்துகொண்டிருந்தாள். சட்டைக்குள் செருகி மில்லுக்குக் கொண்டுபோய், போன மாதத்துக் காலண்டர் தாளில் கச்சிதமாக உறை போட்டேன். இனி எவனுக்குத் தெரியும்?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். சாப்பாடு ஆறிப்போனது. நாயகன் பேசிய பேச்சுக்கு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய இடத்தில், "போகாத அம்மிணி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கஞ்சி காய்ச்சுகிறவர் எட்டிப் பார்த்தார். கணக்கு உதைக்கிறது என்று சமாளித்தேன். அதோடு முதல் பாகம் முடிந்தே போயிற்று.

ஞாயிறு காலை புத்தகத்தைக் கம்பீரமாக ஏந்தியபடி கூட்டத்துக்குப் போனேன். நூலக வாசலில் பட்டறைப் பெண்கள் கூடியிருந்தார்கள்.

"ஏனுங் சார், எத்தனாவது பாகம்?" என்றாள் ஒருத்தி.

புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். "இது பொருளாதாரம்மா."

சிரிப்பு வெடித்தது. "பொருளாதாரத்துக்கு யாருங்க காலண்டர் தாள் போடறாங்க?"

அவள் தன் புத்தகத்தைக் காட்டினாள். காலண்டர் தாள். பக்கத்தில் நின்றவளிடமும் அதே. தறி எண்ணெய் படக்கூடாதென்று அந்த அலமாரிப் புத்தகங்களுக்கு மட்டும் இப்படி உறை போடுவது நூலகர் ஏற்படுத்திய பழக்கமாம். அதுவரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத தலைவருக்கு எப்படித் தெரியும்? ஒளித்துக்கொண்டு வருவதாக நினைத்து, வீதி முழுக்கத் தண்டோரா போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அவள் என் புத்தகத்தை வாங்கிப் பிரித்துத் தலைப்பைப் பார்த்தாள். "அவ பொட்டியத் தூக்கிட்டுப் போறப்ப அழுதீங்களா சார்?"

"லேசா."

"நானெல்லாம் தறியவே நிறுத்திப்போட்டேனுங்க!"

கூட்டத்தில் நானே தீர்மானத்தைத் திருப்பிப் போட்டேன்: அலமாரி அங்கேயே இருக்கும், ஸ்டோர் ரூமைக் காலி செய்து, பெண்கள் உட்கார்ந்து படிக்க பெஞ்சு போட வேண்டும். பட்டறைப் பெண்களின் கைதட்டலில் தறிச் சத்தம் தோற்றது. நூலகர் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்துபோனது.

சமயம் பார்த்து அவர் மேசைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினேன். "ஏனுங்கம்மா, அந்த ரெண்டாம் பாகம்... தலைவருங்கற முறையில, மொதல்ல எனக்கு..."

முத்திரையில் தேதியை மாற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"வரிசையில நில்லுங்க சார்."