கல் வரப்பில் நின்ற மண்

இன்று பெய்த மழையில் தெருவெல்லாம் செந்நீர் ஓடியது. குன்றடியில் இருந்த எங்கள் கடலைக்கொல்லை கண்முன் வந்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும். குன்றுச் சரிவின் புதர்களை விறகுக்காக வெட்டித் தீர்த்திருந்தார்கள். ஐப்பசி மழையில் கல்லும் சேறும் இறங்கிக் கொல்லையை மூடிவிட்டன.

"இதை வித்துட்டுப் புதுக்கோட்டைக்குப் போயிருவோம்" என்றார் அப்பா.

"வந்த கல்லை வச்சே தடுத்துப் பாப்போங்க" என்றாள் அம்மா. மறுநாளே சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கத் தொடங்கினாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளிடம் போனார். கல்லை ஒட்டிப் புல்லும் நட்டார்கள்.

அடுத்த பெருமழையில் மூவரும் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தோம். தண்ணீர் மட்டும் கல்லிடுக்கில் கசிந்து வந்தது.

"இங்கிட்டு வா தாயி, மண்ணு நின்னுருச்சு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார் அப்பா. அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன்.