கிராண்ட் திரும்பிப் போன வருஷமும் புஷ்பமும்

ஜூலை மழை. கல்லூரி ஆபீஸ் வராந்தாவில் வரிசையாகச் சாய்த்து வைத்த குடைகள், ஈரத் துணி வாசனை. நோட்டீஸ் போர்டில் அப்போதுதான் ஒட்டிய காகிதத்தில் பசைகூடக் காயவில்லை…

அதில் என் பெயருக்கு நேரே 'ரிட்டர்ன்டு' என்று எழுதியிருந்தது.

டிகிரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கேரள மலையில் சின்னக்கானல் பக்கம் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவார். எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையை 'கிராண்ட்' என்போம். ஃபீஸ் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். ஹாஸ்டலுக்கும் புத்தகத்துக்கும் உள்ள பங்கு நம் பேங்க் கணக்குக்கு வரும். அந்தப் பங்குதான் திரும்பிப் போயிருந்தது.

ஆபீஸில் கேட்டால், "பேங்க்ல ஒரு பேரு, சர்டிபிகேட்ல வேற பேரு. சரியாக்கிட்டு வா குட்டி" என்றார் கிளார்க். பேங்க்கில் கேட்டால் காலேஜில் கேட்கச் சொன்னார்கள்.

பள்ளிச் சான்றிதழில் நான் 'ஜெயராணி எம்'. பாஸ்புக்கில் 'முருகையா ஜெயராணி'. அப்பா பெயரை யாரோ முன்னால் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்றைக்கு ஏதோ நானே தப்பு செய்த மாதிரி கூசிப்போய் நின்றேன்.

வீட்டுக்கு போன் செய்தேன். அம்மா, "எஸ்டேட்ல டெம்பரவரி ஆள் எடுக்காக. இந்த வருசம் நின்னுட்டு அடுத்த வருசம் படிக்கியா?" என்றார். அடுத்த வருஷம் என்று நின்றவர்கள் யாரும் திரும்பிப் படிக்க வந்து நான் பார்த்ததில்லை…

ஹாஸ்டலில் என் ரூம்மேட் மரியபுஷ்பம். குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். அவள் காமர்ஸ், நான் ஹிஸ்டரி. அவளுக்கு கிராண்ட் ஒழுங்காக வந்துவிட்டது. அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

அவள் போய் அந்த லிஸ்ட்டை, பெயர், ஊர், காரணம் என்று நிதானமாகப் படித்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி, நீ மட்டும் இல்ல. உங்க வில்லேஜ்லயே நாலு பேரு. எல்லாருக்கும் இதே இனிஷியல் குழப்பந்தான்."

நாலு பேரும் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்த கதை அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தது.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸர் ஒரு சான்றிதழ் தர வேண்டும். 'ஒன் அண்ட் சேம்' என்பார்கள். அதை வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். நாங்கள் நாலு பேரும் தமிழ் மீடியம். மலையாளத்தில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாது. மலையாள மீடியத்தில் படித்த புஷ்பம் நாலையும் எழுதினாள்… அவ்வளவு அழகான கையெழுத்து. வியாழக்கிழமை எங்களோடு பஸ்ஸும் ஏறினாள்.

போனால் ஆபீஸர் இல்லை. எங்கோ நிலம் அளக்கப் போயிருந்தார். பெஞ்சில் காத்திருந்தோம். நாலு மணிக்கு மேல் முழுக்க நனைந்து வந்தவர், நாளைக்கு வரச் சொன்னார். எங்களில் ஒருத்தி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். புஷ்பம் எழுந்து மேசைக்குப் போனாள்.

"சாறே, நாளெயாணு லாஸ்ட் டேட்" என்று மலையாளத்தில் தொடங்கி, பணம் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, இன்று கையெழுத்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கெஞ்சவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அவர் விண்ணப்பங்களைப் படித்தார். ரேஷன் கார்டுகளை வாங்கிப் பார்த்தார். தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்து நாலிலும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கொடுத்தோம். சில வாரம் கழித்து அப்பாவின் போனுக்கு மெசேஜ் வந்தது. படிக்கத் தெரியாமல் ஃபேக்டரி சூப்பர்வைசரிடம் காட்டி, உறுதி செய்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "வந்துருச்சும்மா… நீ படி."

செமஸ்டர் மார்க் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வியாழக்கிழமை புஷ்பத்துக்கு இன்டர்னல் பரீட்சை. எழுதவில்லை. அந்தப் பேப்பரில் மட்டும் மார்க் தரையில் கிடந்தது.

"ஏன்டி சொல்லல?" என்றேன்.

துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "சொல்லிருந்தா என்னைய பஸ் ஏற விட்டிருப்பீகளா?"

இப்போது நான் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரி ஆபீஸில் இதே கிராண்ட் செக்ஷனில்தான் இருக்கிறேன். ஆதாரோடு இணைத்த கணக்கு, எல்லாம் ஆன்லைன். வராந்தாவில் கூட்டம் இல்லை. யாருக்கு வரவில்லை என்பது பக்கத்து பெஞ்சுக்குக்கூடத் தெரியாது. கூச்சப்பட வேண்டியதில்லை, அது நல்லதுதான்… ஆனால் தன்னைப் போல இன்னும் மூன்று பேர் இருப்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது.

அதனால் ஸ்கிரீனில் யாருடைய பணமாவது திரும்பியதாகக் காட்டினால், அந்தப் பிள்ளையை நானே போன் செய்து கூப்பிடுகிறேன். அப்படிக் கூப்பிட்டதில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் எருத்தேன்பதியிலிருந்து வரும் ஒரு பெண் போன வாரம் கதவருகே தயங்கி நின்று கேட்டாள்:

"ஏனுங்க மேடம், நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனுங்களா?"

"இல்ல கண்ணு" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, விண்ணப்பத்தை இருவருமாக உட்கார்ந்து எழுதினோம்.